ஆறுமுகம் சுப்பையா ஆறுமுகம்

என் பெயர் ஆறுமுகம். கடவுச்சீட்டில் அது ஆறுமுகம் சுப்பையா ஆறுமுகம் என்று நீளும். முதலில் நிற்பவன் நான், நடுவில் இருப்பவர் என் அப்பா, கடைசியில் இருப்பவர் என் தாத்தா. மகாராஷ்டிரத்தில் பெயர் எழுதும் முறை இப்படித்தான்: தன் பெயர், தந்தையின் பெயர், அதன்பின் 'ஆட்நாவ்' என்று மராட்டியில் வழங்கும் குடும்பப் பெயர். 1950-களில் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த தாத்தாவுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. பெயருக்கு முன்னால் ஓரெழுத்து இருந்தது, அவ்வளவுதான். அப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது, சுப்பையா என்பதற்கு அடுத்து எழுதப்பட்ட ஆறுமுகத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். தலைப்பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரை இடுவது எங்கள் ஊர் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉதானே? அந்த வழக்கப்படி எனக்கும் அதே பெயரை வைத்தபோது, என்னைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் இந்தப் பெயர் முன்னும் பின்னும் வந்து நிற்கும் என்று வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பள்ளியில் குடும்பப் பெயரை முதலில் சொல்லி வருகை எடுப்பார்கள். 'ஆறுமுகம் ஆறுமுகம்' என்று ஆசிரியை அழைத்ததும் வகுப்பு சிரிக்கும். தமிழ்ப் பையன்கள் இரண்டையும் கூட்டி எனக்குப் பன்னிரண்டு முகம் என்று பட்டம் கட்டினார்கள். முருகனுக்குப் பன்னிரண்டு கைகள் உண்டு, பன்னிரண்டு கண்கள் உண்டு, முகம் ஆறுதான் என்று வாதிடுவதற்குரிய கல்வி அப்போது என்னிடம் இல்லை.

பெயரின் பின்னால் உள்ள கதை தமிழர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து தெறித்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகித் தாமரையில் தவழ்ந்தன, கார்த்திகைப் பெண்கள் அறுவர் அவற்றுக்குப் பாலூட்டினர், உமை வந்து ஆறையும் சேர்த்து அணைத்தபோது உடல் ஒன்றாகி முகங்கள் மட்டும் ஆறாக நின்றன. இந்த ஒரு கதையின் வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு பெயர்கள் பிறந்திருக்கின்றன. பொய்கையிலிருந்து சரவணன் வந்தது, வளர்த்த தாய்மாரிடமிருந்து கார்த்திகேயன் வந்தது. ஆறுமுகம் என்பது கதையின் கடைசிக் காட்சி; தாய் அணைத்து முடித்தபின் கையில் இருந்த பிள்ளை. என் அம்மா எனக்கு இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் அணைத்துக்காட்டித்தான் சொல்லுவார். ஆதலால் எனக்கு இது சூரனை வதைத்தவனின் பெயராகத் தோன்றியதே இல்லை.

பிற்பாடு தமிழ் இலக்கணம் கொஞ்சம் படித்தபோதுதான் என் பெயர் இலக்கணப்படி சற்றுத் தவறான பெயர் என்று தெரியவந்தது. மூன்று, ஆறு, ஏழு ஆகிய எண்ணுப்பெயர்கள் வேறொரு சொல்லோடு சேரும்போது முதலெழுத்துக் குறுகும் என்பது நன்னூல் விதி. அதனால்தான் அறுசுவை என்கிறோம், அறுபது என்கிறோம், அறுபடைவீடு என்கிறோம். அந்தக் கணக்கில் ஆறும் முகமும் சேர்ந்தால் அறுமுகம் ஆக வேண்டும். செய்யுளில் அப்படித்தான் வரவும் செய்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியின் நலம் பாராட்டும் இடத்தில் 'அறுமுக ஒருவன்' என்கிறான். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராண வாழ்த்தில் 'ஆறிரு தடந்தோள் வாழ்க அறுமுகம் வாழ்க' என்று வருகிறது. திருமுருகாற்றுப்படையிலோ 'அறுவர் பயந்த ஆறமர் செல்வ' என்று ஒரே அடியில் குறுகியதும் நீண்டதும் அடுத்தடுத்து நிற்கின்றன. புலவர்கள் பெரும்பாலும் குறுக்கிய இடத்தில் மக்கள் குறுக்கவில்லை. அறுமுகம் என்று எவரும் தம் பிள்ளையைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தாராவியிலும் கேட்டதில்லை, திருச்செந்தூரிலும் கேட்டதில்லை. அருணகிரிநாதரும் மக்கள் பக்கம்தான்: 'ஏறுமயில் ஏறி' என்று தொடங்கும் திருப்புகழில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டே வந்து, முடிவில் 'ஆறுமுகமான பொருள் நீ அருளல் வேண்டும்' என்று நெடிலிலேயே நிறுத்துகிறார்.

ஏன் குறுக்கவில்லை என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆறு என்ற சொல்லில் எண் இருக்கிறது, நீர் ஓடும் ஆறு இருக்கிறது, வழி என்ற பழம்பொருள் இருக்கிறது, சூடு தணிதலும் மனம் தேறுதலும் இருக்கின்றன. அறு என்று குறுக்கினால் மிஞ்சுவது கத்தியும் அரிவாளும்தான். அறுதலி என்பது எங்கள் ஊரில் பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடாத வசை. தாலி அறுந்தவள் என்று பொருள். அப்படி ஓர் அசையைத் தலையில் வைத்துக்கொண்டு தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் கூப்பிட எந்தத் தாய்க்கு நாக்கு எழும்? எண்ணுப்பெயரின் புணர்ச்சி விதியைவிடப் பெயர் வைக்கும் தாய்மாரின் அச்சம் வலியது என்று நினைக்கிறேன்.

பெயரின் மற்றொரு முனையும் கவனிக்கத்தக்கது. ஆணுக்கு இடப்பட்ட பெயராயினும் இதன் ஈற்றில் 'அன்' இல்லை. சிதம்பரம், வேலாயுதம், மாணிக்கம், செல்வம் போல 'அம்' என்று முடிகிறது. ஆறுமுகன் என்று வைப்பவர்களும் உண்டு; இலங்கையின் மலையகத் தலைவராக இருந்து 2020-இல் மறைந்த தொண்டமானின் பெயர் ஆறுமுகன்தான். ஆனாலும் 'அம்' என்று முடியும்போது பெயருக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. முருகனை முருகா என்று ஒருமையில் விளித்துவிடலாம்; ஆறுமுகத்தை எப்படி அழைத்தாலும் அது ஆறுமுகம்தான். துறைமுகக் கிடங்கில் தாத்தாவைவிட வயதில் மிக இளைய மேற்பார்வையாளர்கள்கூட அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள், அது ஒருபோதும் அவமதிப்பாகக் காதில் விழுந்ததில்லை என்று அப்பா சொல்லுவார்.

தாத்தா மூட்டை எண்ணும் வேலையில் இருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கணக்குப் பார்த்து ஏட்டில் கோடு போடுவது அவர் பணி. துறைமுகம் ஆறுமுகம் என்று அவருக்குத் தாராவியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. இரண்டிலும் உள்ள முகம் ஒன்றுதான். வடமொழியில் முக என்பது முகத்தையும் வாயையும் வாசலையும் குறிக்கும். கடலுக்கு வாசலாகவும் கடவுளுக்கு முகமாகவும் அதே சொல் தமிழில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பெயரின் மிக நுட்பமான பயன்பாட்டை நான் அவரிடம்தான் கண்டேன். கணவர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற விதியை அவர் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் காத்தார்கள். ஆனால் ஆறுமுகத்தை மணந்தவளுக்கு வரும் தொல்லை ராமசாமியை மணந்தவளுக்கு வராது. ஆறு என்ற எண்ணை ஆச்சி சொல்ல மாட்டார். தொண்ணூறடிச் சாலைச் சந்தையில் 'அஞ்சும் ஒண்ணும்' என்றுதான் விலை பேசுவார். தாமிரபரணியைத் தாமிரவருணி என்று முழுப்பெயரிட்டுச் சொல்லுவார், மறந்தும் ஆறு என்று சொல்ல மாட்டார். முகம் கழுவு என்று சொல்லாமல் மூஞ்சியைக் கழுவு என்பார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவர் பிறந்த ஊர் ஆறுமுகநேரி. யாராவது ஊரைக் கேட்டால், 'காயல்பட்டணத்துக்குப் பக்கத்துல, உப்பளத்து ஊரு' என்று அடையாளம் சொல்லி நிறுத்திவிடுவார். தம் தாய்வீட்டுப் பெயரையே மணவாழ்க்கைக்காக விட்டுக்கொடுத்தவர் அவர்.

ஒருமுறை குடும்ப அட்டைக்குக் கணக்கெடுக்க வந்த மராட்டிய ஊழியர் ஆச்சியிடம் கணவர் பெயரைக் கேட்டாராம். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆச்சி ஒரு கையின் ஐந்து விரல்களையும் விரித்து, மறு கையில் ஒரு விரலை நீட்டி, பின் தம் முகத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். வந்தவர் வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு, முகத்தைத் தொட்டதற்கு என்ன பொருள் என்று புரியாமல் நின்றிருக்கிறார். கடைசியில் எதிர்வீட்டுப் பையன் வந்து பெயரைச் சொன்னான். அந்த ஊழியர் சிரித்துவிட்டு, தம் வீட்டிலும் தாயார் அப்பாவின் பெயரைச் சொல்வதில்லை என்றாராம்.

செவ்வாய், வெள்ளி மாலைகளில் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கந்தர் சஷ்டி கவசம் ஓடும். ஆச்சியும் கூடவே சொல்லுவார். 'ஆறு முகமும் அணிமுடி ஆறும்' என்ற அடி வரும்போது மட்டும் வாய் அசையாது. கைகூப்பி நிற்பார். 'நீறிடு நெற்றியும்' என்று அடுத்த அடி தொடங்கும்போது அவர் குரல் மறுபடியும் சேர்ந்துகொள்ளும். சிறுவயதில் எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. அந்த இடம் வருகிறதா என்று காத்திருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படியானால் பேரனாகிய என்னை எப்படிக் கூப்பிடுவது? அதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. 'ஏல சம்முவம்' என்று அழைத்தார். ஆறு எழுத்துகூடப் படித்திராத ஆச்சிக்கு, ஆறுமுகமும் சண்முகமும் ஒரே பெயர் என்பதும் தெரிந்திருந்தது, ஒரே பெயர் அல்ல என்பதும் தெரிந்திருந்தது. வடமொழியில் ஆறு என்பது ஷட். மகரம் அடுத்து வருவதால் டகரம் ணகரமாகி ஷண்முக என்று ஆகிறது. நாளும் மலரும் சேர்ந்து நாண்மலர் ஆவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சண்முகத்தை நெல்லைப் பேச்சு இன்னும் மெலிதாக்கிச் சம்முவம் என்று ஆக்கிக்கொண்டது. பொருள் ஒன்றாக இருந்தாலும் ஒலி வேறு என்பதால் விதி மீறப்படவில்லை. பள்ளியில் நான் ஆறுமுகம், வீட்டில் சண்முகம்.

இதனால் எனக்கு ஒரு பெரும் குழப்பம் விளைந்தது. கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்கு அருகே ஷண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. 1952-இல் தொடங்கப்பட்ட ஷண்முகானந்த சபா 1963-இல் திறந்த அரங்கம் அது; கர்நாடக இசைக்கு மும்பையில் இன்றும் அதுவே தலைவாசல். பேருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாராவது 'ஷண்முகானந்தா' என்று சொல்லி இறங்குவார்கள். என் வீட்டுப் பெயரில் இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி வந்தது என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. 1990-இல் அந்த அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. செய்தியைக் கேட்ட அன்று மாலையே ஆச்சி உப்பும் மிளகாயும் எடுத்து என்னை நிற்கவைத்துச் சுற்றிப் போட்டார். சண்முகம் எரிந்துவிட்டது என்று நாலு பேர் வாயில் வந்துவிட்டதே, பிள்ளைக்கு ஆகாது என்பது அவர் கவலை. அரங்கம் புதுப்பிக்கப்பட்டு 1998-இல் மீண்டும் திறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

ஷண்முகம் வசதியுள்ள தமிழர் வாழும் மாட்டுங்காவின் பெயர், ஆறுமுகம் உழைப்பாளிகள் வாழும் தாராவியின் பெயர் என்று இங்குள்ள தமிழரிடையே ஒரு மேம்போக்கான பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் உப்பளத்திலும் வாழைத்தோட்டத்திலும் வேலை செய்யும் சண்முகங்கள் எத்தனையோ பேர். திருச்செந்தூர் உற்சவர் சண்முகர். அவரையே ஆறுமுகநயினார் என்றும் அழைக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அந்தத் திருமேனியைக் கப்பலில் கொண்டுசென்று, புயலுக்கு அஞ்சிக் கடலில் இட்டார்கள் என்றும், வடமலையப்பப் பிள்ளை 1653-இல் அதைக் கடலிலிருந்து மீட்டார் என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு பெயரும் அண்ணன் தம்பியாகவே இருக்கும். பெண்களுக்கும் விலக்கில்லை: ஆறுமுகத்தாய், ஆறுமுகக்கனி, சண்முகவடிவு. எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் உள்ள எஸ் என்ற எழுத்து அவருடைய தாயார், வீணைக் கலைஞர் மதுரை சண்முகவடிவைக் குறிப்பது. வேறுபாடு இருப்பது சகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடையில்தான். அதுவும் நாக்கின் பழக்கத்தைப் பொறுத்ததே ஒழிய வேறில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை 1947 நவம்பர் 26 அன்று படித்த கோயம்புத்தூர்க்காரர் ஆர். கே. சண்முகம் செட்டியாரை அவர் ஊரில் எந்த எழுத்தில் அழைத்திருப்பார்கள் என்று யூகிப்பது கடினமில்லை.

மராட்டிய அண்டைவீட்டாருக்கு இந்தப் பெயரை விளக்கும்போது வேறொரு சிக்கல் வரும். கார்த்திகேயன் என்றால் அவர்களுக்குப் புரியும். ஆனால் அவர்கள் மரபில் அவன் பிரம்மசாரி, பெண்கள் அவனைத் தரிசிப்பதைத் தவிர்ப்பார்கள், கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி போன்ற நாளில் மட்டும் விலக்கு உண்டு. எங்களுக்கோ அவன் இரண்டு மனைவியரோடு நிற்பவன். செம்பூர் சேடா நகரில் குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு, திருச்செந்தூரை நினைத்துத் திருச்செம்பூர் என்று எங்களவர் பெயர் சூட்டியிருக்கும் கோயிலுக்கு, ஆச்சி சஷ்டிதோறும் போய்வருவதைப் பார்த்து எதிர்வீட்டு மராட்டிய அம்மாள் வியந்துபோனார். அந்தக் கடவுளின் பெயரையா கணவருக்கு வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு ஆச்சி என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. பெயரை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

எழுத்து வடிவத்தின் கதை இதைவிட வேடிக்கையானது. ஆங்கிலத்தில் எழுதும்போது தொடக்கத்தில் ஒரே ஒரு 'ஏ' போடுவதே வழக்கம். அதைப் பார்த்துப் படிக்கும் மராட்டியரும் குஜராத்தியரும் அருமுகம் என்கிறார்கள். நன்னூல் எழுதிய பவணந்தியார் சொல்லியும் தமிழர் குறுக்க மறுத்த நெடிலை ஆங்கில எழுத்து குறுக்கிவிட்டது. றகரம் ரகரமாகிப்போனது மட்டும்தான் குறை. தேவநாகரியில் எழுதும்போது முகத்தில் எந்தக் ககரத்தைப் போடுவது என்ற கேள்வி வரும். நம் உச்சரிப்பைக் கேட்டு எழுதினால், பின்பாதி பாசிப்பயறுக்கு மராட்டியில் உள்ள பெயரைப் போல ஒலிக்கும். என் முதல் அலுவலகத்தில் நண்பர்கள் மதிய உணவில் பயற்றங்கூட்டு வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்படி ஒவ்வோர் உகரத்துக்கும் இரண்டு எழுத்துகள் போடுவதால் அங்கே என் பெயர் இன்னும் நீளமாகும். மலேசியாவிலோ ஆறுமுகம் என்றதும் நினைவுக்கு வருபவர் 1988-இல் சாலை விபத்தில் இறந்த கால்பந்து கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைத் தடுத்த அவரை ஸ்பைடர்மேன் என்று அழைத்தார்கள். ஆறுமுகத்துக்குப் பன்னிரண்டு கை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தும் சிலந்தியின் எட்டுக் கையோடு நிறுத்திக்கொண்டார்களே என்று எனக்கு ஒரு தாங்கல் உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கோ ஆறுமுகம் என்றால் நல்லூரில் 1822-இல் பிறந்த நாவலர். திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் வழங்கிய பட்டம் இயற்பெயரை விழுங்கி, இன்று நாவலர் என்றாலே அவர்தான் என்றாகிவிட்டது.

எனக்குத் திருமணம் ஆனபோது மனைவியின் ஆவணங்களை மாற்ற வேண்டியிருந்தது. மகாராஷ்டிர முறையில் மணமான பெண்ணின் நடுப்பெயர் கணவர் பெயர், கடைசிப் பெயர் கணவரின் குடும்பப் பெயர். ஆக அவர் பெயருக்குப் பின்னால் ஆறுமுகம் ஆறுமுகம் என்று இருமுறை வந்தது. ஒருமுறை தட்டச்சுப் பிழையாக வந்திருக்கிறது என்று கருதி வங்கி ஊழியர் ஒன்றை நீக்கிவிட்டார். அதைத் திரும்பச் சேர்க்க நான்கு மாதங்கள் ஆயின. ஆச்சி வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூடச் சொல்லாத பெயரை என் மனைவி ஒவ்வொரு கையெழுத்திலும் இருமுறை எழுதுகிறார். வீட்டில் என்னைச் சண்முகம் என்று கூப்பிட ஆளில்லாமல் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

2024 ஆகஸ்டில் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவ்வாண்டு மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரை எழுதும்போது தாயின் பெயரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு விதி செய்திருக்கிறது: குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில். தம்பி மனைவி வாய்ப்பாட்டுக் கற்றவர். கர்நாடக இசையில் ஐம்பத்தாறாவது மேளகர்த்தா ராகத்தின் பெயரான ஷண்முகப்ரியாவைப் பிள்ளைக்கு வைக்க விரும்பினார். வைத்தார்கள். அந்தப் பெயரில் தொடங்கி, அம்மா பெயர், அப்பா பெயர் என்று போய் ஆறுமுகத்தில் முடியும் சான்றிதழை நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். ஷண்முகப்ரியா என்பதை நிறுத்தி நிதானமாகப் படித்தார், மருமகளின் பெயரைப் படித்தார், தம்பியின் பெயரைப் படித்தார், மாமனார் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.